ஈப்போ நகரசபையும் டி.ஆர். சீனிவாசகமும்

ஈப்போ என்று சொன்னால் சீனிவாசகம் சகோதரர்களின் பெயரும் கூடவே நாவில் வந்த காலம் ஒன்றிருந்தது. மூத்தவர் எஸ்.பி. சீனிவாசகம், இளையவர் டி.ஆர். சீனிவாசகம். இருவரும் வழக்கறிஞர்கள். இருவரும் பாராளுமன்ற அங்கத்தினர்கள். இருவரும் ஒரே கட்சியைத் தாங்கிய தூண்கள். இளையவரான திரு. டி.ஆர். அவர்கள் 48 வயதிலேயே காலமாகிவிட்டார். அன்னார் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அவருடைய பெயரைத் தாங்கிய பூங்கா ஈப்போவில் இருக்கிறது. முன்னாளில் அதற்கு முடிசூட்டுப் பூங்கா என்று பெயர். இன்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே செல்கின்ற நம் இளைய வியாபாரிகள் பலருக்குப் பூங்காவைத் தெரியும், பெயருக்குரியவரைத் தெரியாது.

அவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவரல்லர், வியாபாரியுமல்லர். ஆயினும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டியதற்குத் தக்க காரணம் உண்டு. கடை லைசென்ஸ், அங்காடி இடம், ஐந்தடிப் பாதை, சாக்கடை, வீட்டு வரி, குடியிருக்கும் மனை ஆகிய இவையே நம்முடைய அன்றாடக் கவலைகள். இவை பெரும்பாலும் தலைநகரில் தீர்மானிக்கப்படுவதில்லை. நகரசபையின் மேஜையில் தீர்மானிக்கப்படுகின்றன. அந்த மேஜையைச் சுற்றி யார் உட்காருகிறார்கள், அவர்களை யார் உட்கார வைக்கிறார்கள் என்ற கேள்விக்கு டி.ஆர். அவர்களின் வாழ்க்கை நல்லதொரு பாடம்.

முன்னாளைய ஈப்போ

டி.ஆர். பிறப்பதற்கு முன்பிருந்த ஈப்போவைச் சற்று நினைத்துப் பார்ப்போம். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் இந்த ஊரை வளர்த்தது. 1892ஆம் ஆண்டில் மூண்ட பெருந்தீ ஊரின் பெரும் பகுதியை எரித்துவிட, அதன்பின் நேர்நேரான வீதிகளுடன் ஊர் மறுபடி கட்டப்பட்டது. ஊரைக் கவனிக்கும் பொறுப்பு கிந்தா சுகாதார போர்டிடம் இருந்தது. அதன் அங்கத்தினர்கள் ஆங்கில அதிகாரிகளும், ஸர்க்கார் நியமித்த சில செல்வந்தர்களுமே. குடியானவனுக்கோ, சில்லறைக் கடைக்காரனுக்கோ அதில் ஓட்டு கிடையாது. குறையிருந்தால் மனு எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தக் காலத்திலும் நம்மவர் சும்மாயிருக்கவில்லை. மர்ஹூம் ஷெய்கு ஆதம் என்னும் வணிகப் பெருந்தகை 1908ஆம் ஆண்டில் நகரத் திடலின் அருகே எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் ஈப்போவின் அழகுகளில் ஒன்றாக நிற்கிறது. அரசியல் உரிமை இல்லாத நாளிலும் ஊரில் தமக்கென ஓரிடத்தை நம் முன்னோர் சொந்த உழைப்பால் உண்டாக்கிக்கொண்டார்கள் என்பதற்கு அது சாட்சி.

ரயில் நிலையத்திற்கு அப்பால் பாரி ஆற்றை ஒட்டிய புந்தோங் அவ்வளவு அழகாக இருக்கவில்லை. ரயில்வேத் தொழிலாளரும், நகரசுத்தித் தொழிலாளரும், தோட்டத்தை விட்டு வந்தவரும், கடலையும் முறுக்கும் செய்து தலையில் சுமந்து விற்றவரும் அங்கே குடியேறினார்கள். கச்சான் பூத்தே என்ற பெயருக்கே புந்தோங்கில் ஒரு கம்பம் உண்டென்பதை அறியாத பேராக் தமிழர் இல்லை. இப்படிப்பட்ட ஊர்ப்பகுதிகளின் குறைகளை எடுத்துப் பேசும் வாய்தான் அந்நாளில் இல்லாதிருந்தது.

பிறப்பும் தொழிலும்

1921ஆம் ஆண்டில் ஈப்போவில் இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் டி.ஆர். பிறந்தார். தர்மராஜா என்பது அவருடைய பெயர். உள்ளூரில் ஆங்கிலக் கல்வி முடித்து, லண்டன் சென்று சட்டம் பயின்று, வழக்கறிஞராகத் திரும்பினார். தமையனாரும் அதே தொழிலில் இருந்தார்.

அக்காலத்தில் ஈப்போவில் நல்ல வக்கீலுக்குப் பணத்திற்குக் குறைவில்லை. ஈயச் சுரங்க முதலாளிகளின் வழக்குகளே போதும். ஆனால் டி.ஆர். அவர்களின் பெயர் பரவியது பணக்காரர் வழக்குகளால் அன்று. கையில் காசில்லாத தொழிலாளியும், தெருவோர வியாபாரியும், போலீஸ் வழக்கில் சிக்கிய ஏழையும் அவரைத் தேடிச் சென்றார்கள். கட்டணத்தை எதிர்பாராமல் வாதாடுவார் என்பது ஈப்போவில் பேச்சாக இருந்தது. அவரிடம் வந்தவர்களில் சீனர், தமிழர், மலாய்க்காரர் என்ற பேதம் இருக்கவில்லை. நீதிமன்றத்தில் அவர் பெற்ற இந்த நம்பிக்கைதான் பின்னாளில் ஓட்டாக மாறியது.

அவசர காலமும் புதுக்கிராமங்களும்

1948ஆம் ஆண்டில் மலாயாவில் அவசர காலச் சட்டம் பிறந்தது. 1950ஆம் ஆண்டிலிருந்து பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரங்களிலும் சுரங்க நிலங்களிலும் குடியிருந்த சுமார் ஐந்து லட்சம் பேர் கிளப்பப்பட்டு, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர். கிந்தா பள்ளத்தாக்கில் இத்தகைய கிராமங்கள் பல எழுந்தன. புந்தோங்கிலும் ஒன்று அமைந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் குடும்பங்களில் பலவற்றுக்குக் கொடுக்கப்பட்டது நிலப் பட்டா அல்ல. தற்காலிகக் குடியிருப்பு லைசென்ஸ். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இன்று வீடு உண்டு. நாளை உண்டா என்பது அதிகாரியின் கையில். பட்டா இல்லாத நிலத்தில் நல்ல வீடு கட்ட யார் துணிவார்? வங்கியில் கடன் வாங்க ஈடு எங்கே? மகனுக்கு விட்டுச் செல்லத்தான் என்ன இருக்கிறது? கடைக்காரருக்கும் இதே கதைதான். லைசென்ஸ் ஒரு வருஷத்திற்கு என்றால் வியாபாரமும் ஒரு வருஷத்திற்குத்தான்.

நிலமும் வீடும் நிலையாக வேண்டும் என்ற இந்த ஏக்கத்தைத்தான் டி.ஆர். தம் அரசியலின் அஸ்திவாரமாக்கிக்கொண்டார்.

கட்சியும் தேர்தலும்

1953ஆம் ஆண்டு ஈப்போவில் ஒரு புதிய கட்சி பிறந்தது. முதலில் பேராக் முற்போக்குக் கட்சி என்றும், பின்னர் மக்கள் முற்போக்குக் கட்சி என்றும் அது பெயர் பெற்றது. சீனிவாசகம் சகோதரர்கள் அதன் தலைவர்கள். தொடக்கத்தில் கூட்டணிக் கட்சியோடு இணக்கமாகவே இருந்தார்கள். 1955ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது உடன்பாடு முறிந்தது. அத்தேர்தலில் 52 ஸ்தானங்களில் 51 ஸ்தானங்களைக் கூட்டணி கைப்பற்றியது. முற்போக்குக் கட்சிக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

வேறொருவராயின் அத்துடன் வக்கீல் தொழிலே போதுமென்று ஒதுங்கியிருப்பார். டி.ஆர். ஒதுங்கவில்லை. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடு சுதந்திரம் பெற்றது. ஈப்போ–மெங்லெம்பு தொகுதியின் அங்கத்தினராயிருந்த திரு. லியோங் இயூ கோ மலாக்காவின் கவர்னராக நியமனம் பெற்றதால் அத்தொகுதி காலியாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் நடந்த உபதேர்தலில் டி.ஆர். நின்றார், கூட்டணியை வென்றார். சுதந்திரம் கிடைத்த மூன்றே மாதத்தில் ஆளுங்கட்சிக்குக் கிடைத்த தோல்வி அது. நாடெங்கும் ஈப்போவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

1959ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் கட்சிக்கு நான்கு பாராளுமன்ற ஸ்தானங்கள் கிடைத்தன. ஈப்போவில் டி.ஆர்.; மெங்லெம்புவில் தமையனார். 1964ஆம் ஆண்டில் இந்தோனேசிய எதிர்ப்பின் வேகத்தில் கூட்டணி பெருவெற்றி பெற்றபோதும், இந்த இரண்டு தொகுதிகளை மட்டும் சகோதரர்களிடமிருந்து பறிக்க முடியவில்லை.

நகரசபையில்

பாராளுமன்றப் பேச்சு பத்திரிகையில் வரும். நகரசபை முடிவோ வீட்டு வாசலுக்கு வரும். ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஈப்போ நகரசபை முற்போக்குக் கட்சியின் கைக்கு வந்தது. 1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஈப்போவின் ஜனத்தொகை சுமார் 1,25,000. கோலாலம்பூர், ஜார்ஜ் டவுன் இரண்டுக்கும் அடுத்த பெரிய நகரம் இதுவே. இவ்வளவு பெரிய நகரத்தை எதிர்க்கட்சி ஒன்று நிர்வகிப்பது சாதாரணக் காரியமன்று. மாநில அரசு வேறு கட்சியுடையது; நிலம் மாநில அரசின் அதிகாரத்திலுள்ளது. நகரசபை வீடு கட்ட விரும்பினாலும் மனைக்கு மாநில அரசின் இசைவு வேண்டும். இந்த இழுபறிக்கு நடுவில்தான் சபை நடந்தது. 1962ஆம் ஆண்டு மே மாதத்தில் ஈப்போ முனிசிபல் அந்தஸ்து பெற்றது.

நகரசபைத் தேர்தல் வந்தபின் ஊரில் ஏற்பட்ட மாறுதலைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு தெருவில் விளக்கில்லை என்றால் அதிகாரியின் தயவை நாட வேண்டும். இப்போது வட்டாரத்துக்கென்று ஓர் அங்கத்தினர் இருந்தார். அவர் அடுத்த தேர்தலில் அதே தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தாக வேண்டும். சாக்கடை அடைத்திருந்தால், அங்காடிக் கடைக்காரரின் தள்ளுவண்டியைப் பறிமுதல் செய்திருந்தால், வீட்டு வரியை ஏற்றியிருந்தால், அவர் முகத்திற்கு நேரே கேட்கலாம். இந்த ஒரு காரணத்தினாலேயே புந்தோங் போன்ற பகுதிகள் நகரத்தின் பின்வாசல் என்ற நிலையிலிருந்து, ஓட்டுள்ள வட்டாரம் என்ற நிலைக்கு உயர்ந்தன. தலையில் கடலைக் கூடை சுமந்தவரின் ஓட்டும், ஈயச் சுரங்க முதலாளியின் ஓட்டும் ஒரே எடைதான்.

சபை என்றால் சச்சரவும் உண்டு. புதுக் கட்டடம் வேண்டுமென்பார் ஒருவர். பழைய கடைவீட்டில் பரம்பரையாக வாடகைக்கு இருப்பவர் எங்கே போவார் என்பார் இன்னொருவர். தெரு அகலமாக வேண்டுமென்பார் ஒருவர். அங்கே கடை போட்டுப் பிழைப்பவருக்கு மாற்றிடம் கொடுங்கள் என்பார் மற்றொருவர். இவற்றில் ஒரு பக்கம் மட்டும் நியாயம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இருபக்கத்து நியாயமும் சபையில் ஒலிக்க வேண்டுமானால், இருபக்கத்தாராலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அங்கே இருக்க வேண்டும்.

பாராளுமன்றத்தில்

கோலாலம்பூரில் டி.ஆர். அவர்களின் பேச்சு நயமான பேச்சன்று. வாள் வீச்சுப் போன்றது. மலாயாவில் பிறந்த அனைவருக்கும் பிரஜா உரிமை வேண்டும் என்றார். தேசிய மொழியான மலாய் மொழியுடன் சீனமும் தமிழும் ஆட்சியில் இடம் பெற வேண்டும் என்று அவர் கட்சி வற்புறுத்தியது. இது பலருக்குப் பிடிக்கவில்லை. மலாய் மக்கள் பலர் அதைத் தங்கள் உரிமைக்கு எதிரானதென்றே கருதினார்கள். 1967ஆம் ஆண்டுத் தேசிய மொழிச் சட்டம் வேறு பாதையில் சென்றது. அவர் கருத்தை ஏற்பவரும் ஏற்காதவரும் உண்டு. ஆயினும் தாம் நம்பியதைச் சபையின் நடுவே எழுந்து சொல்ல அவர் அஞ்சியதில்லை என்பதை எதிரிகளும் மறுத்ததில்லை.

அவருடைய துணிவுக்குச் சான்றாக ஒரு வழக்கைச் சொல்வார்கள். கல்வி மந்திரியாயிருந்த திரு. அப்துல் ரஹ்மான் பின் தாலிப் அவர்கள்மீது டி.ஆர். பாராளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டுகளைக் கூறினார். சபைக்குள் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வெளியே சொல்ல முடியுமா என்று அவருக்குச் சவால் விடப்பட்டது. பொது மேடையில் ஏறி அதையே திரும்பச் சொன்னார். மந்திரி மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். தோற்றிருந்தால் டி.ஆர். அவர்களின் சொத்தும் பெயரும் போயிருக்கும். 1965ஆம் ஆண்டில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. மந்திரி பதவி விலகினார். பொதுப்பணத்தைக் கையாள்பவர் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை நாடு கண்கூடாகக் கண்டது.

பறிபோன ஓட்டு

அதே 1965ஆம் ஆண்டு, இந்தோனேசிய எதிர்ப்பைக் காரணம் காட்டி நகரசபைத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1963ஆம் ஆண்டுத் தேர்தலே நாட்டில் நடந்த கடைசி நகரசபைத் தேர்தலாயிற்று. நெருக்கடி தீர்ந்ததும் மறுபடி நடக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டின் இறுதியில் முடிந்த அதன் அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளே தொடர வேண்டுமெனச் சிபாரிசு செய்தது. இந்தோனேசியாவுடன் சமாதானம் 1966ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. ஆயினும் ஓட்டுப்பெட்டி திரும்பி வரவில்லை.

டி.ஆர். அவர்களும் அதைக் காணவில்லை. 1969ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி, பொதுத் தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத வேளையில், அவர் காலமானார். ஈப்போ துக்கத்தில் ஆழ்ந்தது. இன மத பேதமின்றித் திரண்ட ஜனக்கூட்டம் அவரை வழியனுப்பியது. மே மாதத் தேர்தலில் அவருடைய கட்சி நான்கு பாராளுமன்ற ஸ்தானங்களையும், பேராக் சட்டசபையில் 40இல் 12 ஸ்தானங்களையும் பெற்றது. கூட்டணி அங்கே பெரும்பான்மையை இழந்தது. அதற்கடுத்த நாட்களில் கோலாலம்பூரில் நேர்ந்த மே 13 கலவரம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

1972ஆம் ஆண்டில் பேராக்கில் முற்போக்குக் கட்சி கூட்டணியுடன் சேர்ந்தது. பின்னர் தேசிய முன்னணியில் இணைந்தது. ஈப்போ வாக்காளர் அதை ஏற்கவில்லை. 1974ஆம் ஆண்டில் தமையனாரும் தோற்றார். மறு ஆண்டு அவரும் மறைந்தார். இரு மனிதரின் தோளில் நின்ற கட்சி, அவ்விருவரும் போனபின் தலைநிமிரவில்லை. இதை ஒரு குறையாகவே சொல்ல வேண்டும். தலைவர்கள் எவ்வளவு பெரியவர்களாயினும், அடுத்த வரிசையை வளர்க்காத ஸ்தாபனம் அவர்களோடு அடங்கிவிடும். நம் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இது பொருந்தும்.

1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நகரசபைத் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அங்கத்தினர்களை மாநில அரசே நியமிக்கும் முறை வந்தது. 1988ஆம் ஆண்டு ஈப்போ மாநகரமாயிற்று. அதன் சபையும் நியமனச் சபையே. பினாங்கு மாநிலம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர 2012ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. 2014ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

நாம் கொள்ள வேண்டியது

ஓட்டுப் போனதால் கவலைகள் போய்விட்டனவா? இல்லை. 1948ஆம் ஆண்டுக்கு முற்பட்ட கட்டடங்களுக்கிருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999ஆம் ஆண்டின் கடைசி நாளோடு முடிந்தபோது, பழைய கடைவீடுகளில் தலைமுறையாக வியாபாரம் செய்தவர்கள் எவ்வளவு கலங்கினார்கள் என்பதை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். இன்றோ பழைய கட்டடங்களுக்குப் புராதனச் சின்னம் என்ற மதிப்பு வந்திருக்கிறது. சுவர் காக்கப்படுவது நல்லது. ஆனால் சுவருக்குள்ளே மசாலை இடித்தவரும், புத்தகம் விற்றவரும், பணம் மாற்றியவரும் வாடகை தாங்காமல் வெளியேறினால், மிஞ்சுவது வர்ணம் பூசிய கூடு மட்டுமே. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், வீட்டுமனைகளாக மாறியபோதும் வெளியேறிய குடும்பங்கள் புந்தோங் போன்ற இடங்களில்தான் தஞ்சம் புகுந்தன. அவர்களுக்கும் வீடு வேண்டும். பழமையைக் காப்பதும் குடியிருப்பைத் தருவதும் ஒரே சபையின் இரு கடமைகள்.

ஓட்டு இல்லாவிட்டாலும் சட்டத்தில் நமக்குச் சில வாசல்கள் திறந்தே இருக்கின்றன. நகர அபிவிருத்தித் திட்ட நகலைச் சபை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். வீட்டு வரி மதிப்பை உயர்த்தி அறிவிப்பு வந்தால், குறித்த நாளுக்குள் எழுத்துமூலம் மறுப்புத் தெரிவிக்கலாம். பக்கத்து நிலத்தில் பெருங்கட்டடம் எழும்பும்போது கருத்துச் சொல்லும் உரிமை பல சமயங்களில் நிலச் சொந்தக்காரருக்கு உண்டு. நம்மில் எத்தனை பேர் இவற்றைச் செய்கிறோம்? அறிவிப்பு வந்தால் மேஜை இழுப்பில் போட்டுவிட்டு, வேண்டியவர் ஒருவரைப் பிடித்துக் காரியம் முடிக்கலாம் என்றிருப்பவர்களே அதிகம். வேண்டியவர் இன்று இருப்பார், நாளை மாறிவிடுவார். எழுதிக் கொடுத்த மனு சபையின் கோப்பில் இருக்கும்.

டி.ஆர். சீனிவாசகம் சாதித்தது பெரிய அணைக்கட்டோ வானளாவிய மாளிகையோ அன்று. லைசென்ஸுக்காகக் கைகட்டி நின்றவனை, கேள்வி கேட்க உரிமையுள்ள குடிமகனாக நிமிர்த்தியதே அவர் செய்த தொண்டு. அவருடைய கொள்கை அனைத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டுமென்பதில்லை. ஆனால் நம் கடைத்தெருவின் காரியத்தை நாமே எழுந்து சொல்ல வேண்டும், கூட்டமாகச் சொல்ல வேண்டும், பயமின்றிச் சொல்ல வேண்டும் என்ற பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். அடுத்த முறை நகரசபையிலிருந்து அறிவிப்பு வரும்போது, அதை முழுவதும் படித்து, பக்கத்துக் கடைக்காரரையும் கலந்துகொண்டு, ஒரே மனுவாக எழுதிக் கையெழுத்திட்டு நாள் தவறாமல் கொடுப்போமாக.